ஒரு வண்டி, இரண்டு மின்மூலங்கள்: உணவு டிரெய்லரில் நியூட்ரலும் எர்த்தும் எங்கே சேர வேண்டும்?

உணவு விற்கும் டிரெய்லருக்கு வயரிங் செய்ய வருகிறவர்களில் பலர் அதை ஒரு சிறிய வீடாகவே பார்க்கிறார்கள். மின் பலகை, நான்கைந்து எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்), விளக்குகள், குளிர்பெட்டிக்கு ஒரு சாக்கெட், புகை உறிஞ்சும் விசிறிக்கு ஒன்று என்று வேலையும் வீட்டு வேலை போலவே தெரியும். ஆனால் வீட்டுக்கு மின்சாரம் வரும் வழி நிலையானது. டிரெய்லரோ இன்று ஜெனரேட்டரில் ஓடும், நாளை ஒரு வீட்டின் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும். இந்த இரண்டு மூலங்களிலும் எர்த் (உலோகக் கூடுகளை இணைக்கும் பாதுகாப்புக் கம்பி) அமைந்திருக்கும் விதம் ஒன்றல்ல. அதைக் கணக்கில் எடுக்காமல் செய்த வயரிங் ஒரு மூலத்தில் ஒழுங்காக இருந்துவிட்டு, இன்னொன்றில் உயிரைப் பறிக்கக்கூடியதாக மாறிவிடும். விளக்கு எரிகிறதா, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு நிலையிலும் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆபத்து யாருக்கு என்பதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். டிரெய்லரின் உடல் இரும்பு அல்லது அலுமினியம். அது நிற்பது ரப்பர் டயர்களின் மேல். பழுதால் உடல் முழுவதும் மின்னேறினாலும், உள்ளே நின்று சமைப்பவருக்கு எதுவும் தெரியாமல் போகலாம். அவர் தொடும் உலோகம், அவர் நிற்கும் தரை எல்லாமே ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். ஈரத் தரையில் நின்றபடி உலோக மேடையில் கையூன்றும் வாடிக்கையாளர் அடி வாங்குவார். ஒரு கால் தரையிலும் ஒரு கை கைப்பிடியிலுமாக உள்ளே ஏறும் ஊழியரும் அடி வாங்குவார். நம் வயரிங்கைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரின் உயிர் நம் வேலையைச் சார்ந்து இருக்கிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

எவ்வளவு மின்னோட்டம் ஆபத்தானது என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களைக் கொண்டு இதை அளந்தார். பிடித்த கம்பியைத் தாமாக விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லிஆம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் போனால் தசை இறுகி, கை கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். இன்னும் கூடினால் மூச்சு நிற்கும், இதயத்தின் துடிப்பு தாறுமாறாகும். ஈரமான உடலின் மின்தடையை ஏறக்குறைய 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் உடல் வழியாகப் போவது 230 மில்லிஆம்பியர். ஒரு 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு சிறு விளக்கின் லோடு மாதிரிதான், அது அசையாது. எம்சிபி கம்பியைக் காக்கும் கருவி. மனிதரைக் காப்பது அதன் வேலை அல்ல.

அந்த ஒரே இணைப்பு

மின்னோட்டம் தான் கிளம்பிய மூலத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பும் வழி இல்லையென்றால் ஓடாது. நம் மின் அமைப்புகளில், மின்னோட்டம் திரும்பும் கம்பியான நியூட்ரலை ஓரிடத்தில் எர்த்தோடு வேண்டுமென்றே சேர்த்துவைப்பது இதனால்தான். பேஸ் கம்பி பிய்ந்து குளிர்பெட்டியின் உலோகக் கூட்டைத் தொட்டால், அந்த மின்னோட்டம் எர்த் கம்பி வழியாக ஓடி, சேர்த்துவைத்த இடத்தில் நியூட்ரலுக்குத் தாவி, மூலத்துக்குத் திரும்புகிறது. வழியில் தடை குறைவு, ஆகவே மின்னோட்டம் மிகப் பெரிது. எம்சிபி உடனே விழுகிறது. அந்த இணைப்பு இல்லாத இடத்தில் எர்த் கம்பி, பெயருக்கு ஓடும் ஒரு பச்சைக் கம்பிதான்.

இணைப்பு எங்கே இருக்க வேண்டும்? மூலத்தின் பக்கம், ஒரே ஒரு இடத்தில். வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் அது மின்மாற்றியிலோ வீட்டின் நுழைவிடத்திலோ ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே டிரெய்லருக்குள் இருக்கும் பலகையில் நியூட்ரல் பட்டையும் எர்த் பட்டையும் ஒன்றையொன்று தொடக் கூடாது. வட அமெரிக்காவில் விற்கும் பல பலகைகளில் இரண்டையும் சேர்ப்பதற்கென்றே ஒரு பச்சைத் திருகோ பட்டையோ கூடவே வரும். வீட்டின் பிரதான பலகைக்கு அது வேண்டும். டிரெய்லருக்கு வாங்கினால் அதைப் போடக் கூடாது.

சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? வீட்டுச் சாக்கெட்டில் செருகியதும், நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் கம்பியிலும் டிரெய்லரின் உடலிலும் ஓடத் தொடங்கும். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருந்தால் அது உடனே விழும். ‘உங்கள் வண்டியைச் செருகினால் வீடே இருண்டுவிடுகிறது’ என்று வீட்டுக்காரர் சொல்வார். அதுகூட நல்லதுதான். ஆர்சிசிபி இல்லாத பழைய வீடாக இருந்தால் எதுவும் விழாது, எல்லாம் ஓடும். பிறகு ஒரு நாள் நீட்டுக் கம்பியின் நியூட்ரல் எங்கேனும் கழன்றால் முழு லோடும் எர்த் வழியே திரும்பும். எர்த்தும் பலவீனமாக இருந்தால் டிரெய்லரின் உடல் முழு 230 வோல்ட்டுக்கு அருகே உயரும்.

ஜெனரேட்டரில் இருக்கும் மறைந்த சிக்கல்

வீட்டுப் பக்கம் இவ்வளவுதான்: சேர்க்காதே. ஜெனரேட்டர் பக்கம்தான் கதை வளைகிறது. கையில் தூக்கும் சிறு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் பலவற்றில் நியூட்ரல் எதனோடும் சேர்க்கப்படாமல் மிதக்கிறது. அதன் இரண்டு கம்பிகளில் எதுவும் சட்டகத்தோடு இணைந்திருக்காது. ஒரே ஒரு கருவியை ஓட்டுவதற்கு இது பாதுகாப்பான ஏற்பாடுதான். ஒரு கம்பியை மட்டும் தொட்டால் திரும்பும் வழி இல்லாததால் பெரிய அடி விழாது.

ஆனால் டிரெய்லரில் ஒரே ஒரு கருவி இல்லை. தண்ணீரும் நீராவியும் எண்ணெயும் நடுவில் ஏழெட்டுக் கருவிகள் ஓடுகின்றன. ஒன்றின் பேஸ் உலோகக் கூட்டைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிதக்கும் நியூட்ரலில் எதுவும் நடக்காது: சத்தம் இல்லை, எம்சிபி விழாது, ஆர்சிசிபி விழாது. முதல் பழுது சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிடும். அடுத்து இன்னொரு கருவியில் நியூட்ரல் பக்கம் காப்பு நைந்துபோனால், அல்லது ஒருவர் உரிந்த கம்பி ஒன்றைத் தொட்டால், அப்போது சுற்று முழுமையாகிறது. அவர் உடல் வழியாகப் போகும் மின்னோட்டம் ஆர்சிசிபிக்குச் சமமாகவே தெரியலாம். போனதும் வந்ததும் ஒரே அளவு என்றால் அது ஏன் விழ வேண்டும்?

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆர்சிசிபியில் இருக்கும் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பார்க்கிறார்கள், டக்கென்று விழுகிறது, பாதுகாப்பு இருக்கிறது என்று திருப்தி அடைகிறார்கள். அந்தப் பொத்தான் கருவியின் ஒரு பக்கப் பேஸிலிருந்து மறுபக்க நியூட்ரலுக்கு ஒரு மின்தடை வழியாகச் சிறு மின்னோட்டத்தை அனுப்புகிறது. எர்த் கம்பியை அது தொடுவதே இல்லை. ஆகவே எர்த் அறுந்திருந்தாலும், நியூட்ரல் மிதந்தாலும் பொத்தானுக்கு ஆர்சிசிபி விழும். கருவி வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று. பழுது நேர்ந்தால் மின்னோட்டம் ஓட வழி இருக்கிறது என்பதற்கு அது சான்றல்ல.

ஆகவே ஜெனரேட்டரில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் ஜெனரேட்டர் பக்கத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சட்டகத்தோடு நியூட்ரல் சேர்ந்தே வரும் ஜெனரேட்டர்களும் உண்டு. அவற்றில் நாம் எதையும் சேர்க்கத் தேவையில்லை, சேர்க்கவும் கூடாது. மிதக்கும் வகையில், ஜெனரேட்டரின் காலியான சாக்கெட் ஒன்றில் செருகும் இணைப்புப் பிளக் ஒரு வழி. அதற்குள் நியூட்ரல் முனையும் எர்த் முனையும் ஒரு குறுங்கம்பியால் சேர்க்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளரின் கையேடு அதற்கு இடம் தருகிறதா என்று பார்த்து, எலக்ட்ரீஷியன் ஒருவரே அதைச் செய்து, ‘ஜெனரேட்டரில் மட்டும்’ என்று பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். இந்தப் பிளக் தவறிக்கூட வீட்டுச் சாக்கெட்டுக்குப் போகக் கூடாது. நிறத்தால் வேறுபடுத்தி, சங்கிலியால் ஜெனரேட்டரோடு கட்டிவைப்பதே நல்லது.

கையில் இருக்கும் ஜெனரேட்டர் எந்த வகை? மல்டிமீட்டர் சொல்லும். எஞ்சினை நிறுத்தி, எதுவும் செருகாமல், சாக்கெட்டின் நியூட்ரலுக்கும் எர்த் முனைக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். ஏறக்குறைய சுழி என்றால் சேர்ந்திருக்கிறது. முற்றிலும் திறந்த சுற்று என்றால் மிதக்கிறது. ஓடும்போது வோல்ட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மிதக்கும் ஜெனரேட்டரில் பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் இரண்டும் பாதி வோல்ட்டுக்கு அருகே காட்டக்கூடும். கம்பிச்சுருளின் நடுப்புள்ளியை எர்த் செய்த ஜெனரேட்டரும் அதே பாதியைத்தான் காட்டும். அந்த வகையில் இணைப்புப் பிளக்கைச் செருகினால் பாதிச் சுருள் ஷார்ட் ஆகிவிடும்.

சிறு ஜெனரேட்டரில் ஆர்சிசிபி இன்னும் முக்கியமாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இதை வீட்டு வயரிங் மட்டும் செய்து பழகியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. ‘சி’ வகை 16 ஆம்பியர் எம்சிபி நொடியில் விழுவது உறுதி என்று சொல்ல 160 ஆம்பியர் வரை தேவைப்படும். வீட்டு மின்சாரம் ஷார்ட் சர்க்யூட்டில் அதைத் தந்துவிடும். 2 கிலோவாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரின் முழுத் திறனே 9 ஆம்பியருக்குள் அடங்கிவிடுகிறது. அதன் மின்னணுச் சுற்று மின்னோட்டத்தை மட்டுப்படுத்திவிடும். அங்கே எம்சிபி விழ வாய்ப்பே இல்லாமல் போகலாம். 30 மில்லிஆம்பியரில் 0.3 வினாடிக்குள்ளும், அதன் ஐந்து மடங்கில் 0.04 வினாடிக்குள்ளும் துண்டிக்கும் ஆர்சிசிபிதான் அப்போது காவல். வட அமெரிக்காவில் ஆட்களைக் காக்கும் இதே வகைக் கருவி 4 முதல் 6 மில்லிஆம்பியரிலேயே துண்டித்துவிடும்.

என் பரிந்துரை: டிரெய்லருக்குள் ஒவ்வொரு சுற்றுக்கும் எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாய்ச் சேர்ந்த ஆர்சிபிஓ. செலவு கூடும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஆர்சிசிபி போட்டால், ஈரம் ஏறிய ஹீட்டர் கசியும்போது உறைபெட்டியும் சேர்ந்து நின்றுவிடும், சரக்கு கெடும். அந்த எரிச்சலில்தான் யாரோ ஒருவர் ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கிறார். கழற்றத் தூண்டாத பாதுகாப்பே நீடிக்கும். சுற்றுகளைத் துண்டிக்கும் சுவிட்சுகள் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்க வேண்டும். ஏதோ ஒரு வீட்டின் சாக்கெட்டில் இரண்டும் இடம் மாறியிருக்க வாய்ப்பு எப்போதும் உண்டு.

நிலக்கம்பி நட்டால் போதுமா?

ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பியை நிலத்தில் அடித்துவிட்டால் எல்லாம் சரி என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவசரமாக அடித்த கம்பியின் மின்தடை 50 ஓம் என்றே கொள்வோம். 230 வோல்ட் அதன் வழியாக அனுப்பும் மின்னோட்டம் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு விழாது. உடல் மின்னேறியபடியே நிற்கும். பழுதைத் துண்டிக்கச் செய்வது, மூலத்தின் நியூட்ரலுக்குத் திரும்பும் உலோக வழி. அமெரிக்க மின்விதிகள்கூட, வண்டியில் பொருத்திய ஜெனரேட்டர் அந்த வண்டியில் உள்ள கருவிகளுக்கும் அதன் சாக்கெட்டுகளில் செருகியவற்றுக்கும் மட்டும் மின்சாரம் தந்தால், சட்டகம் சரியாக இணைக்கப்பட்டிருக்கும் பட்சத்தில் நிலக்கம்பி கட்டாயமில்லை என்கின்றன.

ஆனால் நிலக்கம்பி பயனற்றது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆர்சிசிபியோடு சேர்ந்தால் அதே 50 ஓம் கம்பி தாராளமாகப் போதும். 30 மில்லிஆம்பியர்தானே வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியில் தெருவிலிருந்து வரும் ஊர்களில் அதற்கு இன்னொரு தேவையும் உண்டு. தெருவில் அந்தப் பொதுக்கம்பி அறுந்தால், வீட்டின் எர்த்தோடு சேர்ந்த உலோகம் எல்லாம் மின்னேறும். வீட்டுக்குள் இருப்பவரைச் சுற்றிய உலோகம் முழுவதும் ஒரே அளவில் உயர்வதால் ஓரளவு தப்பலாம். வெளியே மண்ணில் நின்று டிரெய்லரைத் தொடுபவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பிரிட்டனில் அவ்வகை எர்த்தைக் காரவான்களுக்கு (இழுத்துச் செல்லும் தங்கும் வண்டிகளுக்கு) தரக் கூடாது என்று விதியே இருக்கிறது. அங்கே தனி நிலக்கம்பியும் ஆர்சிசிபியுமே வழி. நடமாடும் அலகுகளுக்கென்று ஐஇசி 60364 என்ற சர்வதேச மின்தரநிலையில் 717 என்ற தனிப் பகுதி இருக்கிறது; உங்கள் நாட்டின் விதி பெரும்பாலும் அதிலிருந்தோ அமெரிக்க விதியிலிருந்தோ வந்திருக்கும். வேலையைத் தொடங்கும் முன் அதைப் படித்த எலக்ட்ரீஷியனைப் பிடியுங்கள்.

ஒரு நுழைவா, இரண்டா?

டிரெய்லரின் வெளிச்சுவரில், முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் நுழைவுப் பிளக் பொருத்தப்படும். ‘ஜெனரேட்டருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று’ என்று இரண்டு வைத்து, உள்ளே இரண்டு கம்பிகளையும் ஒரே பட்டையில் சேர்த்துவிடுவது நான் கேள்விப்படும் தவறுகளிலேயே மோசமானது. ஜெனரேட்டரைச் செருகியதும் மற்ற நுழைவின் முனைகள் வெறுமையாய் 230 வோல்ட்டோடு நிற்கும், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் செருகிவிட்டால் ஒத்திசையாத இரண்டு மூலங்கள் மோதும். ஜெனரேட்டர் போகும், தீயும் பிடிக்கலாம். வீட்டில் மின்தடை என்றால் இன்னும் மோசம். நம் ஜெனரேட்டரின் மின்சாரம் வீட்டு வழியாகத் தெருவுக்குப் போய், மின்மாற்றியில் தலைகீழாக ஏறி, பல ஆயிரம் வோல்ட்டாகி, கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளியைத் தாக்கும்.

ஒரே ஒரு நுழைவு வைப்பதே சிறந்தது என்பேன். ஒரு நுழைவு, ஒரு கம்பி. இன்று அதை ஜெனரேட்டரில் செருகு, நாளை வீட்டில் செருகு. இரண்டும் சேர வழியே இல்லை. எந்தச் சுவிட்சும் இவ்வளவு நம்பகமாக இருக்காது. ஜெனரேட்டர் டிரெய்லரிலேயே நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும். ஒன்றை விட்ட பிறகே மற்றதைத் தொடும், நடுவில் நிறுத்த நிலை உள்ள, நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும் வகையாக அது இருக்க வேண்டும். ஜெனரேட்டரின் நியூட்ரல்–எர்த் இணைப்பு சுவிட்சுக்கு முன்பே, ஜெனரேட்டர் பக்கத்தில் இருக்கும். அப்படி இருந்தால் வீட்டு மின்சாரத்துக்கு மாற்றும்போது அந்த இணைப்பும் தானாகவே விலகிவிடும்.

நுழைவுக்குச் சாதாரண வீட்டுப் பிளக் வேண்டாம். 200 முதல் 250 வோல்ட்டுக்கு நீல நிறத்தில் வரும் தொழிற்சாலை வகை மூன்று முனைப் பிளக் நீர் தெறித்தாலும் தாங்கும், தானாகக் கழலாது, மாற்றிச் செருகவும் முடியாது. வட அமெரிக்காவில் டிடி-30 என்ற 30 ஆம்பியர் சாக்கெட் பரவலாக இருக்கிறது. அது 120 வோல்ட்டுக்கானது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் 240 வோல்ட் சாக்கெட் என்று நினைத்து அதற்குத் தவறாக இணைப்புக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். செருகிய நொடியில் டிரெய்லரின் கருவிகள் எல்லாம் கருகும். புதிதாகப் போட்ட சாக்கெட்டை மீட்டரில் பார்க்காமல் செருகக் கூடாது.

லோடும் கம்பியும்

ஒரு நடுத்தர டிரெய்லரை எடுத்துக்கொள்வோம்: தண்ணீர் ஹீட்டர் 1,500 வாட், குளிர்பெட்டி 200, உறைபெட்டி 250, விசிறி 200, விளக்குகள் 100, அரைக்கும் கருவி 700. மொத்தம் 2,950 வாட். 230 வோல்ட்டில் இது 12.8 ஆம்பியர். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் லோடு, இணைப்பின் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நல்ல நடைமுறை; 16 ஆம்பியரில் 80 சதவீதமும் 12.8 தான். அதாவது இனி ஒரு கருவிக்கும் இடமில்லை. 120 வோல்ட்டில் இதே லோடு 24.6 ஆம்பியர் ஆகிறது. 30 ஆம்பியர் இணைப்பின் 80 சதவீதமான 24-ஐத் தாண்டிவிட்டது.

ஜெனரேட்டருக்கு இந்தக் கூட்டல் போதாது. கம்பிரசர் கிளம்பும் நொடியில் ஓட்ட மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். உறைபெட்டிக்கென்று இன்னும் 1,000 வாட்டாவது ஒதுக்கினால் 4 கிலோவாட் தொடர்திறன் வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உச்சத்திறன். பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் தொடர்திறனைப் பாருங்கள். 5 கேவிஏ என்று எழுதி, திறன் காரணி 0.8 என்றிருந்தால் அது 4 கிலோவாட்தான். உயரமான இடங்களில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3.5 சதவீதத் திறன் குறையும். சூடாக்கும் வேலையை முடிந்தவரை எரிவாயுவுக்கு விட்டுவிட்டு, குளிர்விக்கவும் சுழற்றவும் ஒளிதரவும் மட்டும் மின்சாரத்தை வைத்துக்கொண்டால் ஜெனரேட்டர் கணிசமாகச் சுருங்கும்.

டிரெய்லருக்கு வரும் கம்பியின் கணக்கு இன்னும் முக்கியம். 30 மீட்டர் நீளத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் நெகிழ் கம்பி என்றால், போய் வர 60 மீட்டர். மின்தடை ஏறக்குறைய 0.48 ஓம். 16 ஆம்பியரில் 7.7 வோல்ட் குறையும், அது தாங்கக்கூடியது. அதுவே 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 12.8 வோல்ட் போய்விடும். குறைந்த மின்னழுத்தத்தில் கம்பிரசர் கிளம்ப முடியாமல் முனகும், சூடேறும், காலப்போக்கில் எரியும். முதல் கம்பியிலேயே 120 வாட்டுக்கு மேல் வெப்பமாக மாறுகிறது. விரித்துப் போட்டிருந்தால் அது காற்றில் கலைந்துவிடும். உருளையில் சுற்றியபடியே விட்டால் வெப்பம் உள்ளேயே தங்கி உறையை உருக்கும். முழுதும் அவிழ்த்துப் போடுவது கட்டாயம். வெளியில் கிடக்கும் கம்பிக்கு ரப்பர் உறை வேண்டும், இணைப்புகள் தரையில் தேங்கிய நீரில் படக் கூடாது.

அசையும் வண்டிக்கு ஏற்ற வேலை

சாலையில் ஓடும்போது டிரெய்லர் அதிர்ந்துகொண்டே இருக்கும். சுவருக்குள் பதிக்கும் ஒற்றைத் தடிக் கம்பி அதில் திரும்பத் திரும்ப வளைந்து இறுகி ஒடியும். பல இழை நெகிழ் கம்பியே வேண்டும். இழைகளை ஈயம் பூசித் திருகில் வைக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, திருகு தளர்ந்து, அங்கே சூடேறும். லக் (கம்பி முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோகத் துண்டு) அடித்து முடிப்பதே சரி. உலோகத் தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் கட்டாயம். தகட்டின் விளிம்பு ஒவ்வோர் அதிர்விலும் உறையை அறுத்துக்கொண்டிருக்கும். அடுப்புக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் பின்னால் கம்பி போகவே கூடாது.

சட்டகம், எரிவாயுக் குழாய், கழுவும் தொட்டி, உலோக மேடை இவையெல்லாம் எர்த் பட்டையோடு தனித்தனிக் கம்பியால் சேர வேண்டும். 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத பல இழைச் செம்பு. வண்ணப்பூச்சைச் சுரண்டி, வெற்று உலோகத்தில் லக் அமர வேண்டும். பூச்சின் மேல் திருகிய எர்த் கண்ணுக்கு எர்த் போலத் தெரியும், மீட்டருக்குத் தெரியாது.

ஜெனரேட்டர் நிற்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றும். டிரெய்லரில் புகை உறிஞ்சும் விசிறி ஓடும்போது, பரிமாறும் சாளரம் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஜெனரேட்டர் அந்தப் பக்கம் இருந்தால் புகையும் கூடவே வரும். 6 மீட்டராவது தள்ளி, புகை வெளியேறும் வாய் டிரெய்லருக்கும் வீட்டுக்கும் மக்கள் நிற்கும் இடத்துக்கும் எதிர்த்திசையில் இருக்கட்டும். உள்ளே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வேண்டும். இழுவைக் கொக்கியின் மேடையில் எரிவாயு உருளையையும் ஜெனரேட்டரையும் பக்கம் பக்கமாக வைக்கிறார்கள். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கித் தேங்கும், பக்கத்தில் பொறியும் சூடும் இருக்கிறது. தயவுசெய்து பிரித்து வையுங்கள்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும் முன்

கருவிகளை எல்லாம் கழற்றிவிட்டு, காப்பின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்தோடு சோதிக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ காப்பு சரியில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு அறவே இல்லை என்பதும் இதிலேயே உறுதியாகும். பிறகு நுழைவுப் பிளக்கின் எர்த் முனையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள உலோகம் வரை தொடர்ச்சி பார்க்க வேண்டும். கதவுக் கைப்பிடியையும் படியையும் மறக்க வேண்டாம்.

அதன்பின் ஆர்சிசிபி சோதனைக் கருவியை உள்ளே இருக்கும் சாக்கெட்டில் செருகி, எர்த் வழியாகவே மின்கசிவை உண்டாக்கி, எத்தனை மில்லி வினாடியில் துண்டிக்கிறது என்று அளக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் ஒரு முறை, ஜெனரேட்டரில் ஒரு முறை. வீட்டில் விழுந்து ஜெனரேட்டரில் விழவில்லை என்றால் நியூட்ரல் மிதக்கிறது அல்லது ஜெனரேட்டரின் எர்த் முனை சட்டகத்தோடு சேரவில்லை. இணைப்புப் பிளக் செருகியபின் வீட்டு ஆர்சிசிபி விழுகிறது என்றால் அந்தப் பிளக் தவறான இடத்தில் இருக்கிறது. ஜெனரேட்டரிலேயே இருக்கும் ஆர்சிசிபி லோடு ஏறியதும் விழுகிறது என்றால் டிரெய்லர் பலகைக்குள் யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்திருக்கிறார்கள். அங்கே போய்த் தேடுங்கள்.

வேறு இடத்துக்குப் போய் வேறு வீட்டில் செருகும்போது, சாக்கெட்டின் எர்த்தையும் பேஸ்–நியூட்ரல் வரிசையையும் செருகும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஜெனரேட்டரை மாற்றினாலோ, ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாலோ, மிதக்கிறதா சேர்ந்ததா என்ற மின்தடைச் சோதனையையும் ஆர்சிசிபி அளவீட்டையும் மறுபடி செய்த பிறகே சாளரத்தைத் திறக்க வேண்டும்.